நஜ்மா தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் லாத்தா நஜ்மாவிடம் அடி வாங்கியவர்களை வரிசையாக நிற்க வைத்தால், எளாவூர் செக்போஸ்டில் நிற்கிற லாரி வரிசையைவிட நீளமாகப் போகும். எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவன் நான். சின்ன வயதில் அவள் வளர்த்த கோழிக்குஞ்சைத் தெரியாமல் மிதித்துவிட்டேன் என்று என் தலையைச் சுவரில் மோதினாள். அந்தத் தழும்பு இன்னும் புருவத்துக்கு மேல் இருக்கிறது. செத்துப் போனவர்களைப் பற்றி எழுதும்போது பொறுமையின் சிகரம், அன்பின் உருவம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அவளைப் பற்றி நான் அப்படி எழுதினால் கபர்க் குழியிலிருந்து எழுந்து வந்து கன்னத்தில் அறைவாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

பழவேற்காட்டில் கருவாடு மொத்த வியாபாரம் செய்த அஹ்சனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். நல்ல குடும்பம், தொழுகை விடாத ஆள் என்று ஊரே சொன்னது. தொழுதுவிட்டு வந்து பெல்ட்டைக் கழற்றுவான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கவில்லை என்று அடி. பிள்ளை இல்லையே என்று அவள் அழுதால் அதற்கும் அடி. ஒரு நாள் மத்தியானம் மூட்டை தைக்கிற கோணி ஊசியை அவள் தோளில் இறக்கிவிட்டான். அவன் வெளியே போகும்போது கதவு நிலையில் கை வைத்த நேரம் பார்த்து லாத்தா கதவை அறைந்து சாத்தினாள். பழைய தேக்குக் கதவு. விரல்கள் உள்ளே நசுங்க, அவன் போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து, தோளில் ரத்தம் ஊறிய சேலையோடு பஸ் ஏறி, எளாவூரில் நான் வைத்திருந்த பஞ்சர் கடைக்கு வந்து நின்றாள்.

“சாபு, நாஷ்டா எதுனா கீதா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

சஹாபுதீன் என்கிற என்னை அவள் ஒருத்திதான் சாபு என்பாள். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. தலாக் வந்தது, வாங்கிக் கொண்டாள். என் கடைக்குப் பக்கத்திலேயே கீற்றுக் கொட்டகை போட்டு லாரிக்காரர்களுக்குப் பரோட்டாவும் சால்னாவும் போட ஆரம்பித்தாள். கடை திறந்த புதிதில் ஒரு கிளீனர் பணம் கொடுக்கிற சாக்கில் அவள் கையைப் பிடித்தான். கொதிக்கிற சால்னாவை ஒரு கரண்டி மொண்டு அவன் தொடையில் ஊற்றினாள். அவன் கத்திக்கொண்டு உருண்டான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு கல்கத்தா வரை போகிற வண்டிக்காரன்கூட அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டான்.

முத்தம்மாள் எங்கள் கடைகளுக்குப் பின்னால் உள்ள காலனிக்காரி. வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். வயல்கள் கம்பெனிகளாக மாறிய பிறகு லாத்தா கடையில் பாத்திரம் தேய்க்க வந்தாள். அவள் புருஷன் சின்னராசு கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பி உருட்டும் மில் ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். அவர்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தலை நிற்பதற்கு முன்பே போய்விட்டன. மூன்றாவது பெண். 2000-ஆம் வருஷம் தை மாதம், பிறந்த சில நாள் குழந்தையை முறத்தில் போட்டுத் தூக்கிக்கொண்டு இருவரும் கடை வாசலுக்கு வந்தார்கள்.

“நஜ்மாக்கா, இத்த நீ வாங்கிக்கோ. ஒரு மொறம் தவுடு குடு போதும்” என்றாள் முத்தம்மாள்.

அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததைப் பிறத்தியாருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். சாவு வந்து பார்த்துவிட்டு, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று ஏமாந்து போய்விடுமாம். வாங்கியவர் பெயர் வைத்து, ‘என் பிள்ளையை நீ வளர்த்துக் கொடு’ என்று பெற்றவளிடமே கொடுத்துவிட வேண்டும். ஒன்று மட்டும் செய்யக் கூடாது. தவிட்டைத் திருப்பித் தரக் கூடாது. தந்தால் விற்றது செல்லாது, பிள்ளை பழையபடி அந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும், சாவு நேராக வந்துவிடும். எங்கள் ஆட்களிடம் விற்றால் இன்னும் நல்லது, சாவுக்கு அடையாளமே தெரியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“இதெல்லாம் நம்ம மார்க்கத்துல கூடாது லாத்தா” என்றேன் நான்.

“நீ பஞ்சர் ஒட்டு, போ” என்றாள்.

பக்ரீதுக்கு என்று வருஷா வருஷம் ஒரு கிடா வளர்ப்பாள். அதற்கு வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு முறம் தவிடு அள்ளி முத்தம்மாள் மடியில் கொட்டினாள். குழந்தையைக் கையில் வாங்கியதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இர்பானா என்று பெயர் வைத்தாள். தனக்கு மகள் பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயர். அப்புறம் “எம்புள்ளய ஒழுங்கா வளத்துக் குடு. எதுனா ஆச்சி, உன்ன அடுப்புல வெச்சிடுவேன்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

மற்றவர்களாக இருந்தால் அதோடு மறந்திருப்பார்கள். லாத்தா வாங்கியது வாங்கியதுதான் என்று இருந்துவிட்டாள். ஊசி போடுவதிலிருந்து பால் மாவு வரைக்கும் அவள் செலவு. பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் செருப்பு, பேச ஆரம்பித்ததும் சிலேட்டு. கும்மிடிப்பூண்டியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இந்துப் பிள்ளைக்கு இர்பானா என்று பெயர் எப்படி என்று ஆபீஸில் கேட்டவரிடம் ஒரு மணி நேரம் கத்திவிட்டு வந்தாள். ஏழைப் பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்று இன்றைக்குப் பெரிய மனிதர்கள் பேனர் அடிக்கிறார்கள். இவள் பேனர் அடிக்கவில்லை, ஆட்களை அடித்தாள். பிள்ளையின் விரல் முட்டியில் ரத்தம் வருகிற மாதிரி ஸ்கேலால் அடித்த டீச்சரைத் தேடிக்கொண்டு பரோட்டா திருப்பும் இரும்புக் கரண்டியோடு வகுப்புக்குள் போய்விட்டாள்.

“அடிக்கிற வேலய நான் பாத்துக்கினு போறேன். நீ பாடத்த மட்டும் சொல்லிக் குடு” என்றாளாம்.

அவளுக்குத் தமிழும் அரபியும் வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது. பிள்ளை சரியாகப் படிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் இர்பானாவைப் பெஞ்சில் ஏற்றி நிற்க வைப்பாள். அன்றைக்குக் கடையில் சாப்பிடுகிறவர்களில் இங்கிலீஷ் தெரிந்த டிரைவர் யாராவது ஒருவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். பஞ்சாபி சர்தார் கேட்டிருக்கிறார், ஒரிசாக்காரர் கேட்டிருக்கிறார். சொந்தப் பிள்ளைகளை விட்டு மாதக்கணக்கில் ரோட்டில் கிடக்கிற ஆட்கள், ஆசையாகத்தான் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் பிள்ளைக்கு முட்டை, டிரைவருக்கு ஒரு பரோட்டா சும்மா. தப்பாகச் சொன்னால் பிள்ளைக்குத் தொடையில் கிள்ளு. இர்பானா அவளைத் தவுட்டம்மா என்று கூப்பிடுவாள். “இன்னாடி பேரு அது” என்று லாத்தா பொய்யாகக் கோபித்துக்கொள்வாள். ஒரு நாள் கூப்பிடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

இர்பானா மூன்றாவது படிக்கும்போது மில்லில் சின்னராசுக்கு அடிபட்டது. செக்கச்செவேல் என்று காய்ந்த கம்பி உருளையிலிருந்து நழுவி அவன் வலது கையில் சுற்றிக்கொண்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சதை வெந்து கழன்றுவிட்டது. கான்ட்ராக்டர் அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போனவன்தான். அப்படி ஒரு ஆள் மில்லில் வேலையே செய்யவில்லை என்று சாதித்துவிட்டான். மனுஷன் கையைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிற பயல்கள். சின்னராசு பாவம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாவம் சாராயக் கடைக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு வந்து, நல்லா இருந்த இடது கையால் முத்தம்மாளை அடிக்க ஆரம்பித்தது. அவள் உதடு கிழிந்து வருவாள், கண் வீங்கி வருவாள், தலை குனிந்து பாத்திரம் தேய்ப்பாள். லாத்தா கேட்டால் “புருசன்தானேக்கா” என்பாள். அந்தப் பதிலைக் கேட்டால் லாத்தாவுக்கு வெறி பிடித்துவிடும். ஒரு முறை என் கடையிலிருந்து பழைய டியூபை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னராசுவை முதுகு வீங்க விளாசிவிட்டு வந்தாள். அடுத்த நாள் முத்தம்மாளின் முன்பல் ஒன்று இல்லை. லாத்தா அடித்ததற்கெல்லாம் அவளுக்குத்தான் திருப்பிக் கிடைத்தது.

அப்போதுதான் ராஜமாணிக்கம் வந்தான். எல்லை தாண்டி ஆந்திரா பக்கம் இருக்கிற இறால் ஷெட்டுகளுக்குப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு நாள் முழுவதும் இறால் தோல் உரிக்கிற வேலை. சின்ன விரல்தான் வேகமாக உரிக்குமாம். போய்த் திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நகமெல்லாம் அழுகி, விரல் வெளுத்து ஊறிக் கிடக்கும். சின்னராசு அவனிடம் கை நீட்டி முன்பணம் வாங்கிக் குடித்தே தீர்த்துவிட்டான்.

செய்தி தெரிந்ததும் லாத்தா முத்தம்மாளைப் பிடித்து உலுக்கினாள். “நீ இன்னாடி சொல்ற? உனக்கு வாயில்லயா?”

“ஊட்ல ஒல கொதிச்சி நாலு நாளாவுதுக்கா. அந்தாளு டப்பு வாங்கிட்டாரு. ரெண்டு வருசம்தானே, உசுரோட திரும்பி வந்துடும்” என்றாள் முத்தம்மாள். அவள் சொன்னது அவ்வளவுதான். லாத்தா கையில் இருந்த சட்டியை அவள் காலடியில் போட்டு உடைத்தாள்.

ஆடி மாதம், காலை நேரம். பிள்ளை யூனிஃபார்மில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஒரு வேன் வந்து நின்றது. சின்னராசுவே பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஏற்றினான். அவள் “தவுட்டம்மா” என்று கத்திய கத்தலில் லாத்தா கல்லில் வெந்துகொண்டிருந்த பரோட்டாவை அப்படியே விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். கையில் அந்த இரும்புக் கரண்டி. போன வேகத்தில் வேன் கண்ணாடியை உடைத்தாள். டிரைவரின் காது கிழிந்து தொங்கியது. உள்ளேயிருந்து ராஜமாணிக்கமும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் குதித்தார்கள். ஒருவன் லாத்தாவின் முடியைப் பிடித்துச் சுழற்றினான், இன்னொருவன் ஜாக்கி ராடால் அவள் இடது கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. நான் வீல் ஸ்பேனரோடு ஓடினேன். ஒருவனுக்கு முட்டியில் கொடுத்தேன், எனக்கு விலாவில் கிடைத்தது. லாத்தா கீழே கிடந்தபடி ராஜமாணிக்கத்தின் கெண்டைக்காலைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறினான், விடவில்லை, வாயெல்லாம் அவன் ரத்தம். அதற்குள் லைனில் நின்றிருந்த லாரிக்காரர்கள் கட்டையோடு இறங்கிவிட்டார்கள். வேன் பிள்ளையை இறக்கிப் போட்டுவிட்டு ஓடியது. ராஜமாணிக்கம் ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து எழுந்தான்.

ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. எங்கள் ரத்தத்தையெல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“பெத்தவன் வேலைக்கு அனுப்புறான். அது தப்பு, அவனை நான் கேட்டுக்கறேன். நடுவுல நீ யாரும்மா?”

“வாங்கினவ” என்றாள் லாத்தா.

“எவ்ளோக்கு வாங்கின?”

“ஒரு மொறம் தவுட்டுக்கு.”

ஸ்டேஷனே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் இரண்டு தரப்பையும் எச்சரித்து, பிள்ளையை அப்பா அம்மாவோடு அனுப்பிவிட்டார்கள். வாசலில் வைத்து, எங்கள் காதில் விழட்டும் என்றே ராஜமாணிக்கம் சின்னராசுவிடம் சொன்னான்: “வாங்கினாளாம் வாங்கினா. அவ தவுட்ட அவ வாசல்லயே கொட்டிட்டு வாடா. அப்பால இன்னா பேசுவான்னு பாக்கலாம்.”

லாத்தாவுக்குப் புத்தூர்க் கட்டு போட்டுக் கூட்டி வந்தேன். படுக்கச் சொன்னால் கேட்கவில்லை. மறுநாள் ஒற்றைக் கையால் கடையைத் திறந்தாள். முத்தம்மாளும் வந்தாள், பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தது. டிரைவர்கள் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சின்னராசு காலையிலேயே குடித்துவிட்டு, அரிசி மில்லிலிருந்து ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டு வந்தான். கடை வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க, தலைக்கு மேல் தூக்கிக் கீழே கொட்டினான்.

“இந்தா உன் தவுடு. தீந்துச்சி. எம்பொண்ணு எனக்கு!”

வேப்பமரத்தில் கட்டியிருந்த பக்ரீத் கிடா கயிறு எட்டுகிற தூரத்தில்தான் நின்றது. நேராக வந்து தவிட்டில் வாயை வைத்தது. லாத்தா ஒற்றைக் கையால் அதன் கொம்பைப் பிடித்து இழுத்தாள். அது நல்ல கொழுத்த கிடா. அசையாமல் தின்றது.

முத்தம்மாள் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் கண் சின்னராசு மேல் இல்லை, கிடாவின் வாய் மேல்தான் இருந்தது. லாத்தாவின் கிடா தின்றால் லாத்தாவே தவிட்டைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி. உதடு கிழிந்தபோது பேசாதவள், பல் போனபோது பேசாதவள், பிள்ளையை ஷெட்டுக்கு அனுப்பக்கூடத் தலையாட்டியவள். இறால் ஷெட்டுக்குப் போனால் பிள்ளை உயிரோடு திரும்பும் என்பது அவள் கணக்கு. தவிடு திரும்பினால் திரும்பாது. அந்த ஒரு முறத்தைக் கொட்டக் கூடாது என்று அவனுக்கும் தெரியும், குடி மறக்க வைத்துவிட்டது.

அடுப்புக்குள் கையை விட்டு எரிகிற கட்டையை உருவினாள். நெருப்புப் பொறி பறக்க வந்து அவன் முகத்தில் போட்ட முதல் அடியிலேயே அவன் ஒரு கண் போய்விட்டது. அது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். அவன் விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில், மார்பில், முழங்காலில், எங்கே விழுகிறது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கிப் போட்டாள். சட்டை பற்றிக்கொண்டது. முடி கருகுகிற நாற்றம்.

“ரெண்டு புள்ளய என் கையால குழில வெச்சேன்டா! ரெண்டையும் நான்தான் வெச்சேன்! இதையும் வெக்கச் சொல்றியா?”

டிரைவர்கள் தட்டோடு எழுந்து பின்வாங்கி நின்றார்கள், ஒருவன் கிட்டே போகவில்லை. நானும்தான். லாத்தா போனாள். உடைந்த கையோடு அவளுக்கும் அவனுக்கும் நடுவில் விழுந்தாள். கட்டை லாத்தாவின் கழுத்தில் இறங்கியது. தோல் வெந்து முத்தம்மாளின் கட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் கட்டையைக் கீழே போட்டாள். சின்னராசுவை அடிக்க வேண்டும் என்று மாதக் கணக்கில் துடித்த லாத்தாதான் அன்றைக்கு அவன் உயிரைக் காப்பாற்றினாள். பிள்ளை பெஞ்சுக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தது.

முத்தம்மாளைப் புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். சின்னராசுவைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு. அவன் பிழைத்து எழுந்து, ஒற்றைக் கண்ணோடு ஆர்.கே.பேட்டையில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போனவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ராஜமாணிக்கமும் வரவில்லை. வேறு ஊரில் வேறு பிள்ளைகளைப் பிடித்திருப்பான், அந்த நாய் திருந்தியிருப்பான் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை.

இர்பானா லாத்தா வீட்டில் இருந்தாள். அந்த நாட்களைப் பற்றி எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முறிந்த கையும் வெந்த கழுத்துமாக இருந்தவள், ஒரு புது மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டு திரிந்தாள். காலையில் ஒற்றைக் கையால் பிள்ளைக்குப் பின்னல் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கம் பிடிக்கச் சொல்வாள். ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் எனக்கு உதை. தெருவில் யாராவது “புள்ள உங்கிட்டயே இருந்துடும் போல” என்றால், வாயில் வெற்றிலை இருக்கிற மாதிரி பதில் சொல்லாமல் போய்விடுவாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பெற்றவள் ஜெயிலில் இருக்கிறாள் என்று அவளுக்கும் தெரியும். வக்கீல் வைத்து ஜாமீனுக்கு அலைந்தவளும் அவள்தான்.

முத்தம்மாள் வெளியே வந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். அப்போது ஊரெல்லாம் காய்ச்சல்தான். முத்தம்மாள் வந்தாள், ரோட்டிலேயே நின்றாள். கடைக்குள் வரவில்லை. இர்பானா எழுந்து ஓடிப்போனபோது இரண்டு அடி பின்னால் போனாள்.

“கிட்ட வராதடி” என்றாள். லாத்தா பக்கம் திரும்பினாள். “ஒடம்பு சுடுதா அதுக்கு? பாத்தியாக்கா, வந்துட்சி பாத்தியா? ஆடு தின்னுட்சே, நான் கண்ணால பாத்தேனே. எங்கிட்ட வந்தா பூடும். நீயே வெச்சிக்கோக்கா. எங்கம்மான்னு சொல்லாத, நான் ஊர விட்டே போயிட்றேன். உசுரோட இருந்தா போதும்.”

லாத்தா அவளைப் பார்த்தபடி நின்றாள். வெச்சிக்கோ என்று பெற்றவளே சொல்கிறாள். போலீஸ் இல்லை, புருஷன் இல்லை, கேட்க நாதி இல்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடு லாத்தா என்றுதான் என் மனசு அடித்துக்கொண்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது உனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்.

அவள் ரோட்டுக்கு இறங்கிப் போய் முத்தம்மாளைப் பளீர் என்று அறைந்தாள். முத்தம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

“தின்னது ஆடு. நான் இல்ல. அதுமேல எதுனா ஏறியிருந்தா அதோட போவட்டும்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “சாபு, கத்திய தீட்டு” என்றாள்.

எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்தால் அகீகா கொடுப்போம். பிள்ளையின் உயிருக்காக ஆடு அறுத்து, முடி இறக்கி, கறியைப் பங்கு வைப்பது. எட்டு வயதுக்கு, அதுவும் பிறத்தி மார்க்கத்துப் பிள்ளைக்கு, அதுவும் பக்ரீதுக்கு வளர்த்த கிடாவை. பள்ளிவாசல் ஹஜ்ரத் முடியாது என்று சொல்லி, என்னையும் திட்டி அனுப்பினார். அவள் கேட்கவா போகிறாள்? “யாரும் வேணாம், நீயே அறு” என்றாள்.

மறுநாள் வேப்பமரத்தடியில் கிடாவைச் சாய்த்தோம். நல்ல பலம் அதற்கு. காலை உதைத்து என் வயிற்றில் ஒன்று கொடுத்தது. இரண்டு டிரைவர்கள் பின்னங்காலைப் பிடித்தார்கள். பிள்ளையின் முடியை இறக்கலாம் என்றால் அவள் அழுத அழுகையில், ஒரு கொத்து மட்டும் லாத்தா கத்தரித்தாள். முத்தம்மாள் தள்ளி நின்று பார்த்தாள்.

அறுக்கும்போது இன்னார் மகள் இன்னாருக்காக என்று பெயர் சொல்ல வேண்டும். நான் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு லாத்தாவை நிமிர்ந்து பார்த்தேன்.

“யாரு மகள்னு சொல்லட்டும்?”

அவள் தள்ளி நின்ற முத்தம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். கிடா மூச்சு வாங்கியது.

“முத்தம்மா மக இர்பானான்னு சொல்லு” என்றாள்.

சொல்லி அறுத்தேன். ரத்தம் பீறிட்டு என் முழங்கை வரை நனைத்தது, மீதி மண்ணில் பாய்ந்தது. கிடாவின் கால் நெடுநேரம் உதறிக்கொண்டிருந்தது. அது அடங்குகிற வரைக்கும் முத்தம்மாள் கண்ணை எடுக்கவில்லை. அடங்கியதும் ஓடி வந்து பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அழுகை அப்படி ஒரு அழுகை. பிள்ளைக்கு மாத்திரை கொடுத்திருந்ததால் காய்ச்சல் அதற்குள் இறங்கியிருந்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் கடையில் இலை போட்டோம். காலனி ஆட்கள், லாரிக்காரர்கள் எல்லோருக்கும் கறிச்சோறு. லாத்தா ஒற்றைக் கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினாள். முத்தம்மாளின் இலையில் கறியைக் குவித்து, “தின்னுடி, எலும்பும் தோலுமா ஆயிட்ட” என்று அதட்டினாள். அவள் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே தானும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு அம்மாவும் மகளும் காலனிக்குப் போனார்கள். பிள்ளை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

எல்லோரும் போன பிறகுதான் லாத்தா தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சோறு போட்டுக்கொண்டாள், ரசம் ஊற்றிக்கொண்டாள். கறிச் சட்டி பக்கத்திலேயே இருந்தது.

“கறி எடுத்துக்கல?” என்று கேட்டேன்.

“பல்லு வலிக்குது” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் பக்கத்தில், அகீகா கறியைப் பெற்ற தாய் தின்ன மாட்டாள். நான் எழுந்து என் கடைக்குப் போய்விட்டேன். அவள் ரசம் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தாள்.